தேங்காய் நிமிர்ந்த இடமும் யாரும் தோண்டாத இடமும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஓமலூர்ப் பக்கம் உங்கள் தோட்டத்தில் இதுவரை நான்கு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டிருக்கிறீர்கள். நான்குமே ஒரே நீரோட்டக்காரர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடந்து, அது நிமிர்ந்த இடத்தில் தண்ணீர் என்று குறித்துக் கொடுத்த இடங்கள். இரண்டில் தண்ணீர், இரண்டில் புழுதி. ஐந்தாவதுக்கும் அவரையேதான் கூப்பிட வேண்டும் என்கிறார் அப்பா. நீங்கள் வீடியோவும் கட்டுரையுமாக வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தீர்கள். அவர் இன்னும் இறுகிவிட்டார். "இதுதானே கன்ஃபர்மேஷன் பயஸ், அதாவது ஏற்கெனவே நம்புவதற்குச் சாதகமானதையே தேடிப் பார்க்கும் மனச்சாய்வு? அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?" என்று முடித்திருக்கிறீர்கள். அதாவது, தப்பான முடிவில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை அங்கிருந்து எப்படி இறக்குவது என்று கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அப்பாவுக்கு அந்த முடிவு எப்படி வந்தது, உங்களுக்கு உங்கள் முடிவு எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம்.

நான் மனநல நிபுணர் இல்லை. நிலவியல் படித்துவிட்டு சேலம் மாவட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் நிலத்தடி நீர் பார்த்தவன். ஊர் பாஷையில் சொன்னால் 'மிஷின் வைத்துப் பார்க்கிறவர்'. மனம் எப்படி ஏமாறுகிறது என்பதை நான் படிக்க ஆரம்பித்ததே என் தொழிலில் நான் வாங்கிய ஒரு அடிக்குப் பிறகுதான். அதனால் பாறையைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் அழுத்தமாகவும், மனதைப் பற்றிச் சொல்வதைப் படித்தவன் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாறை. நம் மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப்பாறை. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறை. கீழே சமவெளியில் அதுவும் நைஸ் (gneiss) என்ற வரிவரியான பாறையும் கலந்து கிடக்கும். இந்தப் பாறையின் உடம்பில் தண்ணீர் நிற்க இடமில்லை. மேலே சில பத்து அடிக்குச் சிதைந்து மண்ணாகிக்கொண்டிருக்கும் பகுதியில் நிற்கும்; அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில் நிற்கும். அவ்வளவுதான். 'நீரோட்டம்' என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. பூமிக்கடியில் வாய்க்கால் மாதிரி ஒரு தண்ணீர் ஓடுகிறது, அதன் நேர் மேலே நின்றால் கிடைக்கும், இரண்டடி தள்ளினால் போயிற்று என்று ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது. உண்மையில் நல்ல மழை பெய்த வருடத்தில், சிதைந்த பாறை ஆழமாக இருக்கும் நிலத்தில், கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்து அது விழுந்த இடத்தில் போட்டாலும் கொஞ்சம் தண்ணீர் வர வாய்ப்புண்டு. அரை இன்ச் வருமா, இரண்டு இன்ச் வருமா, மே மாதத்தில் நிற்குமா என்பதுதான் கேள்வி.

இதை வைத்துக்கொண்டு உங்கள் அப்பாவின் கணக்கைப் பாருங்கள். "நாலுக்கு ரெண்டு வந்துச்சு, அவர் கை நல்ல கை." நீங்கள் சொல்வது: "நாலுக்கு ரெண்டு போச்சு, அவர் ஒரு டுபாக்கூர்." எண்ணிக்கை வெறும் நான்குதான் என்பதால் இரண்டு பேர் கணக்கும் செல்லாது. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஒருவர் கை நல்ல கையா என்று தெரிய நான்கு கட்டம் நிரம்ப வேண்டும். அவர் இருக்கிறது என்று சொல்லித் தண்ணீர் வந்தது, இருக்கிறது என்று சொல்லிப் புழுதி வந்தது, இல்லை என்று சொன்ன இடத்தில் தண்ணீர் வந்தது, இல்லை என்று சொன்ன இடத்தில் புழுதி வந்தது. உங்கள் தோட்டத்தில் முதல் இரண்டு கட்டம்தான் நிரம்பியிருக்கிறது. பின்னிரண்டும் காலி. தேங்காய் படுத்தே கிடந்த இடத்தில் யாராவது போர் போடும் ரிக் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்களா? அங்கேயும் நாலுக்கு இரண்டு வந்திருந்தால் தேங்காய்க்கு ஒரு வேலையும் இல்லை என்று தெரிந்திருக்கும். ஆனால் அந்த இடத்தில் இன்றைக்கும் சோளம்தான் நிற்கிறது.

இந்தக் காலிக் கட்டத்தைத்தான் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் லண்டனில் ஒரு சின்ன விளையாட்டில் காட்டினார். 2, 4, 6 என்று மூன்று எண் கொடுத்தார். இது என் மனதில் இருக்கும் ஒரு விதிக்குப் பொருந்துகிறது; நீங்களும் மும்மூன்று எண்ணாகச் சொல்லுங்கள், பொருந்துமா பொருந்தாதா என்று சொல்கிறேன்; விதி என்னவென்று உறுதியானதும் அறிவியுங்கள் என்றார். ஆட்கள் 8, 10, 12 என்பார்கள். பொருந்தும். 20, 22, 24 என்பார்கள். பொருந்தும். இரண்டிரண்டாகக் கூடுகிறது, அதுதான் விதி என்று அறிவிப்பார்கள். தப்பு. ஏறுமுகமாக எந்த மூன்று எண் இருந்தாலும் சரி என்பதுதான் விதி. 3, 7, 50 என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தால் போதும். 29 பேரில் 6 பேர்தான் முதல் அறிவிப்பிலேயே சரியாகச் சொன்னார்கள். மற்றவர்கள் படிக்காதவர்கள் இல்லை, கல்லூரி மாணவர்கள். தங்கள் யூகம் சரியென்றால் 'ஆமாம்' வரக்கூடிய கேள்வியாகவே பெரும்பாலும் கேட்டார்கள், 'ஆமாம்' கிடைத்தது, திருப்தியாகிவிட்டார்கள்.

ஆனால் இதை வைத்து உங்கள் அப்பாவை முட்டாள் என்று சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1987இல் கிளேமன், ஹா என்ற இருவர் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்த்தார்கள். இருக்கும் என்று நினைக்கிற இடத்தில் தேடுவது பல சமயம் நியாயமான வழிதான், அது எப்போதுமே புத்திக்கோளாறு ஆகாது என்பது அவர்கள் வாதம். எனக்கு இது உடனே புரிந்தது. ஒரு போருக்கு லட்சக்கணக்கில் ஆகிறது. தேங்காயைச் சோதிப்பதற்காக, தண்ணீர் இல்லை என்று சொன்ன இடத்தில் ஒரு விவசாயி போர் போட்டால் அவரைத்தான் பைத்தியம் என்பேன். அவருக்குத் தேவை தண்ணீர், உண்மை இல்லை. ஆக, பாதிக் குற்றம் மனதின் மேல் இல்லை. எந்தச் சாட்சி கைக்கு வரும், எது வராது என்பதைப் பணமும் நிலமும் முன்பே முடிவு செய்துவிடுகின்றன.

மீதிப் பாதி மனதின் மேல்தான். நம் பக்கத்துத் தோட்டங்களில் நடந்து பாருங்கள். தண்ணீர் வந்த போருக்கு மோட்டார் ரூம் இருக்கும், பக்கத்தில் வாழையோ மரவள்ளியோ பச்சையாக நிற்கும், போகிற வருகிறவர்கள் எல்லாம் "இது அவர் பார்த்துக் கொடுத்தது" என்பார்கள். புழுதி வந்த போரில் ஒரு கல்லைத் தூக்கி வைத்து மூடிவிடுவார்கள். (உங்கள் இரண்டையும் முறையாக மூடியாயிற்றா? இல்லையென்றால் இந்தப் பதிலைப் பாதியில் விட்டுவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.) இரண்டு வருடத்தில் அந்தக் கல்லின் மேல் அருகு படர்ந்துவிடும். 1620இல் பிரான்சிஸ் பேக்கன் என்ற ஆங்கிலத் தத்துவவாதி எழுதியது இதேதான். கப்பல் உடைந்தும் பிழைத்தவர்கள் நேர்த்திக்கடனாகக் கோவிலில் மாட்டிய படங்களைக் காட்டி, இப்போதாவது சாமியின் சக்தியை ஒத்துக்கொள்கிறாயா என்று ஒருவரிடம் கேட்டார்களாம். நேர்ந்துகொண்டும் மூழ்கிப்போனவர்களின் படம் எங்கே மாட்டியிருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

புழுதி வந்ததை மறக்க முடியாதபோது அதற்குக் காரணம் சொல்வோம். ரிக்காரன் குறித்த இடத்தை விட்டு ஓரடி தள்ளி நிறுத்திவிட்டான். இன்னும் ஐம்பது அடி போயிருந்தால் வந்திருக்கும். பக்கத்துத் தோட்டக்காரன் ஆயிரம் அடி போட்டு உறிஞ்சிவிட்டான். இவற்றில் சில உண்மையாகவும் இருக்கலாம், அதுதான் சிக்கல். தண்ணீர் வந்தபோது யாரும் "ரிக்காரன் ஓரடி தள்ளி நிறுத்தியதால் வந்துவிட்டது" என்று சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் தேடும் வேலை ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் நடக்கிறது.

இப்போது என் கதை. தொழிலுக்கு வந்த புதிதில் கஞ்சமலை அடிவாரத்தில் ஒரு தோட்டம் பார்க்கப் போனேன். இறங்கியதுமே வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிணறு, கோடையிலும் வற்றாதது என்று சொன்னார்கள். மலையிலிருந்து ஒரு வெடிப்பு இந்த வழியாகத்தான் இறங்கி வருகிறது என்று கம்பிகளை ஊன்றுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். மின்தடை ஆய்வு என்பது நிலத்தில் மின்சாரம் செலுத்தி, கீழே இருப்பது எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது; அதில் நான்கு கம்பிகளை நட்டு, வெளிக்கம்பிகளின் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு இடைவெளிக்கும் ஓர் அளவு எடுப்போம். அன்றைக்கு என் படத்துக்குப் பொருந்திய அளவுகளை எடுத்த எடுப்பிலேயே எழுதிக்கொண்டேன். பொருந்தாத அளவு வந்தபோதெல்லாம் கம்பி சரியாக இறங்கவில்லை, மண் காய்ந்திருக்கிறது, தண்ணீர் ஊற்று என்று சொல்லி மறுபடி எடுத்தேன். சில இடத்தில் மூன்று தடவை. கடைசியில் கோடு அழகாக வந்தது. அறுநூறு அடி போட்டார்கள். புழுதி. அந்த மனிதர் மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது என்று பிறகுதான் தெரிந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் பஸ் ஸ்டாண்டு வரை "ரிக் பத்தடி தள்ளி நின்றுவிட்டது" என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

நான் பொய் அளவு எதுவும் எழுதவில்லை. ஒவ்வொரு அளவும் உண்மை. எதைச் சந்தேகப்படுவது என்பதில்தான் ஓரவஞ்சனை. இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று பின்னாளில் தெரிந்தது. டிட்டோ, லோபஸ் என்ற இரண்டு பேர் 1992இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரு காகிதத் துண்டை எச்சிலில் நனைத்து நிறம் மாறுகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். காகிதம் நிறம் மாறவே மாறாது. மாறாவிட்டால் உடம்பு நல்லது என்று சொல்லப்பட்டவர்கள் சீக்கிரம் முடித்துவிட்டுப் போனார்கள். மாறாவிட்டால் உடம்பில் குறை என்று சொல்லப்பட்டவர்கள் நேரமெடுத்துக் காத்திருந்தார்கள், திரும்பத் திரும்ப நனைத்தும் பார்த்தார்கள். சர்க்கரை அளவு அதிகமாக வந்தால் வேறு லேபுக்குப் போவதும், சரியாக வந்தால் அந்த லேபைப் புகழ்வதும் நாம் அறியாததா.

உங்களிடமும் இது இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதிய கேள்வியில் புழுதி வந்த இரண்டு போருக்கும் அடிக்கணக்கு, செலவு, வருடம் எல்லாம் இருக்கிறது. தண்ணீர் வந்த இரண்டைப் பற்றி "ஏதோ வந்தது" என்ற இரண்டு சொல்தான். உங்கள் அப்பாவைக் கேட்டால் அவர் இதைத் தலைகீழாகச் சொல்வார் என்று பந்தயம் கட்டுவேன்.

நம் பழமொழிகளில் இதற்குச் சரியானது எது என்று யோசித்துப் பார்த்ததுண்டு. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது பிடிவாதம். அவனுக்கே தெரியும் நாலு கால் என்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுவது தற்செயலைக் காரணமாக்குவது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பதுதான் கிட்டத்தில் வருகிறது, ஏனென்றால் அவனுக்கு மஞ்சளாகத் தெரிவது நிஜம், அவன் பொய் சொல்லவில்லை. அதுவும் முழுதாகப் பொருந்தாது. காமாலைக்காரன் எல்லாவற்றையும் மஞ்சளாகப் பார்ப்பான். நாம் மஞ்சள் இருக்கும் பக்கமாகப் பார்த்து நடப்போம்.

அறிவியல்காரர்கள் இதற்குத் தப்பியவர்கள் என்று நினைக்க வேண்டாம். நீரோட்டம் பார்ப்பதைச் சோதிக்கவே 1987, 88இல் ஜெர்மனியின் மியூனிக் பக்கம் அரசுப் பணத்தில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு களஞ்சியத்தின் தரைத்தளத்தில் தண்ணீர் ஓடும் குழாயை இங்கும் அங்குமாக நகர்த்தி வைப்பார்கள். மாடியில் நடப்பவர் குழாய் எங்கே என்று சொல்ல வேண்டும். சுமார் 500 பேரைப் பார்த்து, அவர்களில் தேறிய 43 பேரைத் தேர்ந்தெடுத்து, 843 முறை சோதித்தார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் வரவில்லை, ஆனால் சிலருக்கு நிஜமாகவே திறமை இருக்கிறது என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டினார்கள். பிறகு ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதே எண்களை எடுத்து அலசினார். அத்தனை பேரில் சிலருக்கு நன்றாக அமைவது தற்செயலாகவே நடக்கும், அந்தச் சிலரும் மறுமுறை அதேபோல் செய்யவில்லை என்று காட்டினார். என் படிப்பில் என்ரைட் சொன்னதுதான் சரி. பிடித்த எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு பிடிக்காததை ஒதுக்குவது களஞ்சியத்திலும் நடந்திருக்கிறது.

தேங்காய் நிமிர்வது ஏமாற்று வேலை என்று மட்டும் சொல்லாதீர்கள், அது அநேகமாகத் தப்பு. மனதில் எதிர்பார்ப்பு இருந்தால் நமக்கே தெரியாமல் கை தசை அசையும். 1852லேயே வில்லியம் கார்பென்டர் என்ற ஆங்கில மருத்துவர் இதற்குப் பெயர் வைத்து விளக்கிவிட்டார். தேங்காயை அசைப்பது தன் கைதான் என்பது வைத்திருப்பவருக்குத் தெரியாது. எனக்குப் பழக்கமான ஒரு நீரோட்டக்காரர் இருந்தார், ஏற்காடு அடிவாரத்துக்காரர், நல்ல மனிதர். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, "அண்ணா, கண்ணைக் கட்டிக்கிட்டு அதே பாதையில் இன்னொரு தடவை நடக்கிறீங்களா" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். தேங்காய் வேறு இடத்தில் நிமிர்ந்தது. அவர் துண்டை அவிழ்த்துவிட்டு, "கண்ணைக் கட்டிட்டா மண்ணை எப்படி சார் பார்க்கிறது" என்றார்.

அந்தப் பதிலை நான் ரொம்ப நாள் யோசித்தேன். நாற்பது வருடம் நிலம் நிலமாக நடந்த மனிதர். எந்த இடத்தில் மண் ஆழம், பாறை எந்தப் பக்கம் சரிகிறது, நாவலும் மருதமும் எங்கே வரிசையாக நிற்கின்றன, புற்று எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவர் கண்ணில் இருந்தது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் என்ற வானியல் அறிஞர் மரத்தையும் புற்றையும் வைத்து நிலத்தடி நீர் சொல்வதற்குத் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். மரங்களைக் குறித்த சில அடையாளங்கள் எங்கள் களப்பணியிலும் உதவும்; புற்றைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆக, அவரிடம் கொஞ்சம் அறிவு இருந்திருக்கலாம், ஆனால் அது தேங்காயில் இல்லை. இது ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை; இதைச் சோதனை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அன்றைக்கு டீக்கடையில் பார்த்துக்கொண்டிருந்த நான்கு பேரில் இருவர் "குட்டு வெளிப்பட்டது" என்றார்கள், இருவர் "கண்ணைக் கட்டினால் சக்தி வேலை செய்யாது" என்றார்கள். கட்டுவதற்கு முன்னால் எப்படி நம்பினார்களோ அப்படியே.

நீங்கள் சொல்லச் சொல்ல அப்பா இறுகிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். இது எல்லோருக்கும் நடக்கும் என்று இணையத்தில் அடித்துச் சொல்வார்கள். அதற்கு மூலமான நைஹன், ரைஃப்ளரின் ஆய்வு 2010இல் வந்தது. ஆனால் 2019இல் வுட், போர்ட்டர் என்ற இருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களை வைத்துப் பார்த்தபோது, திருத்தம் சொன்னதால் ஜனங்கள் எதிர்ப்பக்கம் ஓடுவதை நம்பத்தக்க விதத்தில் காண முடியவில்லை. அதனால் இந்தப் பகுதி சந்தேகமானது. என் அனுபவத்தில் ஜனங்கள் உண்மைக்கு இறுகுவதில்லை, மகன் வாட்ஸ்அப்பில் பாடம் நடத்துவதற்கு இறுகுகிறார்கள். இது ஆய்வு இல்லை, என் அபிப்பிராயம்.

கொஞ்சம் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த லார்டும் கூட்டாளிகளும் 1979இல், மரண தண்டனையை ஆதரிப்பவர்களிடமும் எதிர்ப்பவர்களிடமும் ஒரே ஆய்வுகளைக் கொடுத்தார்கள். இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமான ஆய்வை நல்ல ஆய்வு என்றும் மற்றதை ஓட்டை என்றும் சொன்னார்கள். 1984இல் அதே குழு, "நடுநிலையாகப் பாருங்கள்" என்று அறிவுரை சொல்லிப் பார்த்தது. பலனில்லை. "இதே ஆய்வு எதிரான முடிவைத் தந்திருந்தால் அப்போதும் இதே மார்க் போடுவீர்களா" என்று கேட்கச் சொன்னபோது சாய்வு குறைந்தது.

எனவே ரிக் வண்டி வருவதற்கு முந்தின நாள் அப்பாவோடு உட்காருங்கள். வாதம் வேண்டாம். நீரோட்டக்காரரே வரட்டும், அப்பா ஆசைப்படி. அவர் எத்தனை அடியில் எத்தனை இன்ச் என்று சொல்கிறார், எவ்வளவுக்குக் கீழே வந்தால் அது தோல்வி என்று அப்பாவே ஒத்துக்கொள்வார், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் மின்தடை ஆய்வும் செய்து அதன் கணிப்பையும் அதே தாளில் எழுதுங்கள். ஆழத்தில் இருக்கும் ஒல்லியான வெடிப்புகளை எங்கள் மிஷின் தவறவிடும் என்பதையும் தெரிந்துகொண்டே எழுதுங்கள். வண்டியை எங்கே நிறுத்துவது என்று நீங்கள் இருவரும் நேரில் நின்று பார்த்து, சுண்ணாம்பு போட்டு, போட்டோ எடுத்துவிடுங்கள், 'தள்ளி நிறுத்திவிட்டான்' என்ற கதவு மூடிவிடும். உங்கள் கணிப்பும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். தண்ணீர் வந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதை வருவதற்கு முன்னால் எழுதுங்கள்.

கஞ்சமலைக்குப் பிறகு நான் இப்படித்தான் ஒரு நோட்டுப் போட ஆரம்பித்தேன். என் நினைவில் இருந்த வெற்றிக் கணக்குக்கும் நோட்டில் இருந்ததற்கும் இருந்த தூரத்தை இங்கே சொல்ல எனக்கு இன்னும் கூச்சம். ஒன்று மட்டும். பேனாவில் எழுதுங்கள். என் முதல் நோட்டு பென்சிலில் எழுதியது. அதில் மூன்று இடத்தில் ரப்பர் தேய்த்த தடம் இருக்கிறது.